தோட்டமும் தர்மமும்: ஓர் ஆப்பிரிக்கக் காப்பிப் பண்ணையின் வரலாறு

தர்மசிந்தை உள்ள நிலச்சுவான்தார்கள் முதலில் தங்கள் நிலத்தின் இயல்பையும் தங்கள் வரவு செலவையும் அறிந்துகொள்ள வேண்டுமென்று நாம் கிராமங்களில் பேசும்போதெல்லாம் சொல்வதுண்டு. கேட்பவர்கள் ஆமென்று தலையசைப்பார்கள். கூட்டம் கலைந்ததும் அந்த வார்த்தையும் கலைந்துவிடும். ஆகவே இம்மாதம் உபதேசத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, ஒரு பண்ணையின் வரலாற்றைச் சொல்ல முற்படுகிறேன். அப்பண்ணை நம் தேசத்தில் உள்ளதன்று. கிழக்கு ஆப்பிரிக்காவில், கென்யா தேசத்தில், நைரோபி நகருக்கு 12 மைல் தூரத்தில் இருந்தது. அதை நடத்தியவர் டென்மார்க் தேசத்துப் பெண்மணியாகிய காரென் பிளிக்ஸன் என்பவர்.

இவ்வம்மையார் 1885-ஆம் ஆண்டில் பிறந்தவர். 1914-ஆம் ஆண்டு ஜனவரியில் மொம்பாஸா துறைமுகத்தில் வந்திறங்கினார். 1931-இல் பண்ணையை இழந்து தாய்நாடு திரும்பினார். தம் அநுபவங்களை 1937-இல் ஒரு நூலாக வெளியிட்டார். இலக்கியம் அறிந்தோர் அந்நூலை அதன் நடையழகுக்காகப் படிக்கின்றனர். பயிர்த்தொழிலில் உள்ள நாமோ அதைக் கணக்குப் புஸ்தகமாகவும் படிக்கலாம். மழையளவும் மகசூலும் விலையும் அதில் இருக்கின்றன. ஒருவர் நல்ல மனத்தோடு 17 ஆண்டுகள் செய்த உபகாரங்களில் எது நின்றது, எது நிலத்தோடு போயிற்று என்பதும் அதில் இருக்கிறது.

நிலத்தின் அமைப்பு

பண்ணையின் மொத்த விஸ்தீரணம் சுமார் 6,000 ஏக்கர். அதில் காப்பி பயிரானது 600 ஏக்கர். ஏறக்குறைய 1,000 ஏக்கர் அந்நாட்டுக் குடிகளின் கைச்சாகுபடியில் இருந்தது. மீதி காடும் புல்வெளியும். கடல் மட்டத்துக்கு மேல் 6,000 அடிக்கு அதிகமான உயரம். பூமத்தியரேகைக்குச் சற்றுத் தெற்கே உள்ள பிரதேசம். அருகே ங்கோங் என்னும் குன்றுத்தொடர். ஆற்றுக்கு அப்பால் மாடு மேய்க்கும் மசாய் ஜாதியாரின் எல்லை. மார்ச்சு மாதக் கடைசியில் தொடங்கி ஜூன் நடுப்பகுதி வரை பெய்வது பெருமழை. ஆண்டின் இறுதியில் பெய்வது சிறுமழை. இவ்விரண்டையும் நம்பியே பயிர்.

ஆதியில் இவர்கள் கறவை மாட்டுப் பண்ணை வைப்பதென்றே எண்ணியிருந்தனர். காப்பியில் இலாபம் அதிகமென்று கணவர் அந்த யோசனையை மாற்றினார். அம்மையாரின் உறவினர்கள் முதல் போட, 1916-இல் ஒரு கம்பெனி ஏற்பட்டது. 1921-இல் நிர்வாகம் முழுதும் அம்மையாரின் கைக்கு வந்தது. 1925-இல் கணவருடன் விவாகரத்து ஆயிற்று. அதன்பின் பங்குதாரர்களுக்குக் கணக்குச் சொல்வதும், கடனைச் சமாளிப்பதும், பண்ணையாட்களை நடத்துவதும் அவர் ஒருவர் தலையிலேயே விழுந்தன.

நிலம் அவர்களுக்கு எவ்வாறு கிடைத்தது என்பதையும் இவ்விடத்தில் சொல்லிவிடுதல் நியாயம். அப்பிரதேசத்தில் கிக்குயூ ஜாதியாரும் மசாய் ஜாதியாரும் முன்னரே வாழ்ந்து வந்தனர். பிரிட்டிஷ் அரசாங்கம் அந்நிலங்களைச் சர்க்கார் நிலங்களாகக் கொண்டு, 1915-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 999 வருஷக் குத்தகைக்கு விட இடஞ்செய்தது. உயர்நிலப் பகுதிகள் ஐரோப்பியர்க்கென்றே ஒதுக்கப்பட்டன. பரம்பரையாக உழுதவன் கையில் பத்திரம் இல்லை. கப்பலில் வந்து இறங்கியவர் கையில் பத்திரம் இருந்தது. இந்த ஒரு செய்தியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொண்டு மேலே படிக்க வேண்டுகிறேன்.

பண்ணையின் அன்றாட வேலை

காப்பி பொறுமையைச் சோதிக்கும் பயிர். மழைக்காலத்தில் நாற்றங்காலிலிருந்து நாற்றுக்களை எடுத்து, ஈரமான குழிகளில் நூல் பிடித்தாற்போல வரிசையாக நட்டு, வெயில் படாதபடி இலைக்கொம்புகளால் நிழல் கட்டுவார்கள். நட்டபின் பலன் காண நான்கைந்து வருஷங்கள் செல்லும். அதுவரையில் களைக்கும் காவலுக்கும் ஓய்வில்லை. மழை தொடங்கியதும் 600 ஏக்கரும் வெள்ளைப் பூவாகப் பூத்து நிற்கும் காட்சியை அம்மையார் மனங்கனிந்து எழுதியிருக்கிறார். பூவைக் கண்டு மகிழ்ந்தவர் காயை எண்ணும்போது வருந்த நேர்ந்தது, அது பின்னர்.

பழம் சிவந்ததும் ஆண், பெண், குழந்தைகள் அனைவரும் பறிக்க வருவார்கள். பறித்த பழம் வண்டிகளில் ஆற்றோரத்து ஆலைக்குப் போகும். அங்கே தோல் நீக்கி, கழுவி, பெரிய இரும்பு உருளையில் இட்டுச் சுழற்றி உலர்த்துவார்கள். சில நாட்களில் நடுநிசியில் காப்பி பதமாகும். உடனே லாந்தர்களை எடுத்துக்கொண்டு ஆட்கள் கூடி அதை வெளியே எடுப்பார்கள். பிறகு உமி நீக்கி, தரம் பிரித்து, சாக்குகளில் நிரப்பித் தைப்பார்கள். டன்னுக்கு 12 மூட்டை. வண்டிக்கு 16 எருதுகளைப் பூட்டி, விடியுமுன்பே நைரோபி ரெயில் நிலையத்துக்கு ஓட்டுவார்கள். அங்கிருந்து கடல்வழியே லண்டன் ஏலத்துக்குப் போகும். விலை இன்னதென்று தெரியும்போது, இங்கே அடுத்த பூ வந்திருக்கும்.

ஆலைக்கு அருகில் ஒரு கொல்லுப்பட்டறை இருந்தது. அங்கே வேலை செய்தவர் பூரண்சிங் என்னும் இந்தியர். வண்டிச்சக்கரம், கலப்பை, இயந்திரம் எது பழுதானாலும் அவர் கைபடாமல் நடவாது. தம் சம்பளத்தில் பெரும் பகுதியை இந்தியாவிலிருந்த குடும்பத்துக்கு அனுப்பிவிட்டுத் தாம் எளிய வாழ்வு வாழ்ந்தார் என்று அம்மையார் மதிப்புடன் குறிப்பிடுகிறார். வீட்டு நிர்வாகம் பாரா என்னும் சோமாலியரிடம் இருந்தது. சாவிக்கொத்தும் வீட்டுச் செலவுப் பணமும் அவர் பொறுப்பே.

குடிகள்

பண்ணையில் குடியிருந்த கிக்குயூ ஜாதியார் கூலிக்கு வந்துபோகும் ஆட்கள் அல்லர், குத்தகைதாரரும் அல்லர். சில ஏக்கர் நிலத்தைப் பயிரிட்டுக்கொள்ளவும் கால்நடைகளை மேய்க்கவும் அநுமதி பெற்று, அதற்கு ஈடாக நிலத்துக்குடையவருக்கு வேலை செய்யக் கடமைப்பட்டவர்கள். 1918-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, இவ்வாறு குடியிருப்போர் வருஷத்தில் 180 நாட்கள் வேலை செய்ய வேண்டுமென்று விதித்தது. அதாவது பாதி வருஷம் பண்ணைக்கு. மறுபாதி தன் வயலுக்கு. தங்கள் வயல்களில் மக்காச்சோளம், மொச்சை வகைகள், சர்க்கரைவள்ளிக் கிழங்கு முதலியவற்றைப் பெண்கள் பயிர்செய்தனர். ஆடு மாடுகளே அவர்களுடைய செல்வம். பெண் கொள்வதற்கும், குற்றத்துக்கு ஈடு கட்டுவதற்கும், வழக்குத் தீர்ப்பதற்கும் ஆடு மாடுகளே நாணயம். பெரியவர்கள் கூடி வழக்குகளைப் பேசித் தீர்ப்பார்கள்; அம்மையாரும் அழைக்கப்பட்டால் போய் உட்காருவார்.

இக்குடிகளில் பலர் அந்நிலத்திலேயே பிறந்தவர்கள்; சிலருடைய தந்தையரும் அங்கேயே பிறந்தவர்கள். ஆதலால் பண்ணைக்குத் தாங்கள் குடிகள் என்பதைவிட, தங்கள் ஊருக்கு வந்து சேர்ந்த ஒரு பெரிய குடி இந்த அம்மையார் என்றே அவர்கள் எண்ணியிருக்கலாம் என்று அவரே எழுதுகிறார். காகிதத்தில் எழுதியிருந்தது வேறு. ஊரார் மனத்தில் இருந்தது வேறு. அம்மையார் இருந்தவரையில் இவ்விரண்டுக்கும் மோதல் வரவில்லை.

காலை 9 மணி வைத்தியம்

தினந்தோறும் காலை 9 மணி முதல் 10 மணி வரை வீட்டின் கல்பாவிய முற்றத்தில் அம்மையார் நோயாளிகளைப் பார்ப்பார். அவர் வைத்தியம் கற்றவர் அல்லர். முதலுதவிப் பாடம் மாத்திரம் தெரியும். எனினும் தற்செயலாகக் குணமான சில நோய்களால் அவர் பெயர் பரவிவிட்டது. தீப்புண், வெட்டுக்காயம், எலும்பு முறிவு, விஷக்கடி, இருமல், காய்ச்சல் என்று பலவகையும் வந்தன. தம்மால் ஆகாதவற்றை நைரோபி ஆஸ்பத்திரிக்கோ பாதிரிமார் ஆஸ்பத்திரிக்கோ அனுப்புவார்.

ஒரு நாள் புல்வெளியில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு சிறுவனைக் கண்டார். கமாண்டே என்பது அவன் பெயர். தொடை முதல் குதிகால் வரை இரு கால்களிலும் ஆறாத புண்கள். வயதுக்கு மிகச் சிறுத்த உடம்பு; முகத்தில் வலியையும் காட்டாத ஒரு கல் போன்ற அமைதி. மறுநாள் முதல் அவன் வைத்தியத்துக்கு வந்தான். அம்மையார் தமக்குத் தெரிந்தவற்றையெல்லாம் செய்து பார்த்தார். புண் சிறிது ஆறும். மறுபடி வேறிடத்தில் கிளம்பும். தம் வைத்தியம் பலிக்கவில்லையென்று ஒப்புக்கொண்டு, கிக்குயூ என்னுமிடத்தில் இருந்த ஸ்காட்லாந்து பாதிரிமார் ஆஸ்பத்திரிக்கு அவனைக் கொண்டுபோய்ச் சேர்த்தார். மூன்று மாதங்கள் கழித்து அவன் கட்டுகளோடு திரும்பி வந்து, அம்மையாரின் எதிரிலேயே அவற்றை மெல்ல அவிழ்த்துக் காட்டினான். கால்கள் முழுதும் ஆறியிருந்தன. பின்னாளில் அவன் அவ்வீட்டின் சமையற்காரனாகி, பெரிய விருந்துகளுக்கும் சமைக்கும் அளவுக்குப் பேர்பெற்றான்.

இவ்வுபகாரத்தில் கவனிக்கவேண்டியது ஒன்று. அச்சிறுவனைக் காப்பாற்றியது அம்மையாரின் களிம்பு அன்று. தமக்குத் தெரியாது என்று ஒப்புக்கொண்ட அவருடைய அடக்கமே. தர்மம் செய்வோர் தம் புகழுக்காகத் தம் கையாலேயே எல்லாம் நடக்கவேண்டுமென்று பிடிவாதம் கொண்டிருந்தால், அந்தப் பிள்ளை முடவனாயிருப்பான்.

பள்ளிக்கூடமும் பிற உதவிகளும்

பகலில் வேலை செய்யும் ஆட்களுக்காக இரவுப் பள்ளிக்கூடம் ஒன்று பழைய தகரக் கிடங்கில் நடந்தது. ரோமன் கத்தோலிக்கர், ஆங்கிலத் திருச்சபையார், ஸ்காட்லாந்துத் திருச்சபையார் என்னும் மூன்று பாதிரி சபைகளிலிருந்தும் அவ்வப்போது அந்நாட்டு உபாத்தியாயர்களை அழைத்து வைத்துக்கொண்டார். நாள் முழுதும் மண் வெட்டியவர்கள் இரவில் விளக்கடியில் எழுத்துக் கூட்டினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வயது முதிர்ந்த பாட்டிமார்கள் வீட்டுமுன் கூடுவார்கள். அவர்களுக்கு மூக்குப்பொடி வழங்கப்படும். மத்தியானத்தில் ஆடு மேய்க்கும் சிறுவர்கள் வீட்டுக்குள் வந்து சுவர்க்கடிகாரத்தின் முன் அசையாமல் உட்காருவார்கள். அக்கடிகாரத்தில் மணிதோறும் ஒரு மரக்குயில் கதவைத் திறந்துகொண்டு வெளிவந்து கூவும். 12 மணிக் கூவலைக் கேட்பதற்காகவே ஆடுகளை வெளியே விட்டுவிட்டு வருவார்கள். இவையெல்லாம் சிறிய விஷயங்கள், செலவும் அற்பம். ஆயினும் பண்ணை வீட்டின் கதவு குடிகளுக்குத் திறந்திருந்தது என்பதை இவை காட்டுகின்றன. அம்மையாரை ஊரார் நம்பியதற்கு, மருந்தைவிட இந்தத் திறந்த கதவே பெரிய காரணமென்று நான் எண்ணுகிறேன்.

மழையும் மகசூலும்

இனிக் கணக்குக்கு வருவோம். அம்மையாரே தரும் அளவுகள் இவை. 50 அங்குலம் மழை பெய்த வருஷத்தில் 80 டன் காப்பி கிடைத்தது. 55 அங்குலம் பெய்த வருஷத்தில் ஏறக்குறைய 90 டன். 25 அங்குலமும் 20 அங்குலமுமே பெய்த இரண்டு வருஷங்களில் கிடைத்தவை முறையே 16 டன்னும் 15 டன்னும்.

அக்காலத்து டன் 2,240 ராத்தல். 600 ஏக்கருக்குப் பங்கிட்டுப் பார்த்தால், 80 டன் கண்ட வருஷத்தில் ஏக்கருக்குச் சுமார் 300 ராத்தல். 15 டன் கண்ட வருஷத்தில் 56 ராத்தல். மழை பாதிக்குமேல் குறைந்தது. மகசூலோ ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே போயிற்று. மழை குறைந்த அளவுக்கே விளைச்சலும் குறையும் என்று கணக்குப் போடுவோர் இதைக் கவனிக்க வேண்டும். ஓர் எல்லைக்குக் கீழே ஈரம் குறைந்தால் மரம் தன் உயிரைக் காத்துக்கொள்ளுமேயன்றிக் காயைக் காக்காது.

மழைக்குறைவு ஒன்றே குற்றமன்று. நிலம் காப்பிக்குச் சற்று அதிக உயரத்தில் இருந்தது. தாழ்வான இடங்களில் சில இரவுகளில் உறைபனி விழும். காலையில் பார்த்தால் இளந்தளிரும் பிஞ்சும் கருகிப் பழுப்பாயிருக்கும். சமவெளியிலிருந்து காற்று தடையின்றி வீசும். ஆகையால் நல்ல வருஷங்களிலும்கூட, தாழ்ந்த மட்டத்திலுள்ள தீக்கா, கியாம்பு பகுதிகளில் காணும் ஏக்கர் மகசூல் இங்கே காணவில்லை. இதனால் 6,000 அடியில் எங்குமே காப்பி விளையாது என்று கொள்ளலாகாது. அத்தேசத்திலேயே போதிய மழையும் காற்றுக்கு மறைவும் உள்ள உயர்ந்த சரிவுகளில் அருமையான காப்பி விளைகிறது. உயரம், மழை, காற்று, பனி ஆகிய நான்கையும் சேர்த்துப் பார்க்கவேண்டும் என்பதே பாடம். 600 ஏக்கரையும் ஒரே பயிரில் நட்டுவிட்டுப் பின்னர் இதைக் கற்றுக்கொள்வது பெருஞ்செலவான கல்வி.

இவற்றோடு 1923-இல் ஆலை தீப்பற்றி எரிந்தது. பிற்காலத்தில் வெட்டுக்கிளிக் கூட்டங்கள் வந்திறங்கின. காப்பியிலை தடிப்பானது, வெட்டுக்கிளியால் அதைக் கடிக்க இயலாது. பாரந்தாங்காமல் சில கிளைகள் முறிந்ததோடு தோட்டம் தப்பியது. ஆனால் குடிகளின் மக்காச்சோளக் கொல்லைகள் மொட்டையாயின. அதாவது, பண்ணைக்குப் பணப்பயிர் மிஞ்சியது. ஏழைக்கு உணவுப்பயிர் போயிற்று.

கடைசி அடி சந்தையிலிருந்து விழுந்தது. டன்னுக்கு 100 பவுன் விற்ற காப்பி 60, 70 பவுனுக்கு இறங்கியது. 80 டன் விளைந்தாலும் 8,000 பவுன் வரவேண்டிய இடத்தில் 5,000 பவுன் அளவே வரும். வட்டி மட்டும் இறங்கவில்லை. அம்மையார் பல உபாயங்களை எண்ணிப் பார்த்தார். காட்டு மரத்தைக் கரி சுட்டும் விற்றுப் பார்த்தார். கடனுக்கு அவை ஈடாகவில்லை. கம்பெனியார் விற்றுவிடத் தீர்மானித்தனர்.

செய்ய முடியாமற்போன உபகாரம்

பண்ணையின் இறுதிக்காலத்தில் நடந்த ஒரு சம்பவத்தை அம்மையார் மறைக்காமல் எழுதியிருக்கிறார். கிக்குயூ ஜாதியாரின் பெருந்தலைவராகிய கின்யாஞ்சுய் என்பவர் அவருக்கு நெடுநாள் நண்பர். அவர் காலில் புண் முற்றி மரணத்தறுவாயில் கிடந்தபோது அம்மையாருக்கு ஆள் அனுப்பினார். அம்மையார் மோட்டாரில் போய்ப் பார்த்தார். பாதிரிமார் ஆஸ்பத்திரிக்குப் போக எனக்கு விருப்பமில்லை. உன் வீட்டுக்கு என்னை எடுத்துக்கொண்டுபோ என்று முதியவர் கேட்டார். அம்மையார் மறுத்துவிட்டார். வழியிலோ வீட்டிலோ உயிர் போனால் தம்மேல் பழி வருமென்ற அச்சம். பண்ணையின் கவலைகளால் ஏற்பட்ட தளர்ச்சி. இன்னொரு பாரத்தைச் சுமக்க வலுவில்லாமை. முதியவர் ஒரு வார்த்தையும் கடிந்து சொல்லவில்லை. பிறகு ஆஸ்பத்திரிக்கு எடுத்துச்செல்லப்பட்டு அவர் காலமானார்.

பத்துப் பதினைந்து வருஷம் கதவு திறந்திருந்த வீடு, நண்பர் கேட்ட அன்று திறக்கவில்லை. இதைக் குற்றமாக எடுத்துரைப்பது என் நோக்கமன்று. கடனில் மூழ்கியவரிடம் கொடுக்கும் பொருள் மட்டும் குறைவதில்லை. கொடுக்கும் துணிவும் குறைந்துவிடுகிறது என்பதை இச்சம்பவம் காட்டுகிறது. கணக்குப் புஸ்தகம் வேறு, கருணை வேறு என்று நினைப்பவர்கள் இதனைச் சற்று ஆழ்ந்து யோசிக்கவேண்டும்.

கடைசி உபகாரம்

நிலத்தை வாங்கியவர்கள் பயிர்செய்ய வாங்கவில்லை. நைரோபி நகரம் வளர்ந்துவருவதைக் கண்டு, மனைகளாகப் பிரித்து விற்க வாங்கினார்கள். மரத்திலிருந்த கடைசி மகசூலை எடுத்து முடிக்கும்வரை அம்மையார் தங்கியிருக்க ஏற்பாடாயிற்று. ஆனால் குடிகளோ குறித்த காலத்துக்குள் நிலத்தைக் காலிசெய்ய வேண்டுமென்று உத்தரவாயிற்று.

அவர்கள் எங்கே போவார்கள்? சட்டப்படி அவர்கள் நிலம் வாங்க இயலாது. அவர்களுக்கென்று ஒதுக்கிய எல்லைகளிலோ முன்னமே ஜனநெருக்கம். ஒவ்வொரு குடும்பமும் இடம் கிடைத்த திக்கில் சிதறவேண்டியதுதான். முதியவர்கள் அம்மையாரிடம் வந்து கேட்டது கூலியும் அன்று, தானியமும் அன்று. எல்லாரும் ஒன்றாகப் போய், கால்நடைகளோடு, பழைய அயலார் பக்கத்திலேயே இருக்கும்படி ஓரிடம் வேண்டும் என்பதே. நிலம் போனால் வேறு நிலம் தேடலாம். அண்டைவீட்டானும் போனால், இன்னார் மகன் இன்னார் என்று சாட்சி சொல்ல ஆளிராது. இது கிராமத்தில் வாழும் நமக்கு விளக்கவேண்டாத விஷயம்.

தம் சாமான்களை விற்றுக்கொண்டிருந்த அந்த மாதங்களில், அம்மையார் இந்த ஒரு காரியத்துக்காக நைரோபியில் கச்சேரி கச்சேரியாக ஏறி இறங்கினார். ஒவ்வொரு கச்சேரியிலும் மரியாதையாக உட்காரவைத்தார்கள். இது எங்கள் இலாகாவைச் சேர்ந்ததன்று என்று அடுத்த கச்சேரிக்கு வழிகாட்டினார்கள். இவ்வளவு பேருக்கு ஒரே இடத்தில் நிலம் இல்லையென்றார்கள். ஒரே இடத்தில்தான் வேண்டுமென்று ஏன் பிடிவாதம் என்றும் வினவினார்கள். அவர் விடவில்லை. 1931-இல் புதிதாக வந்த கவர்னர் ஸர் ஜோசப் பைர்ன் வரையில் விஷயத்தைக் கொண்டுபோனார். முடிவில், பண்ணைக்குச் சமீபத்திலிருந்த டகோரெட்டி வனப்பகுதியில் ஒரு பாகத்தைக் குடிகளுக்கு ஒருசேர விடுவதென்று சர்க்கார் இசைந்ததாக அவர் எழுதுகிறார். செய்தி கேட்ட முதியவர்கள் முதலில் நம்பவில்லை. பிறகு, அவர் வேறென்ன செய்து கொடுக்கமுடியும் என்று யோசிக்கத் தொடங்கிவிட்டார்கள் என்ற கருத்தில் அவர் புன்சிரிப்போடு அதைச் சொல்கிறார். அதன்பின் அவர் கப்பலேறினார். மீண்டும் ஆப்பிரிக்காவுக்கு வரவில்லை. 1962-இல் டென்மார்க்கில் காலமானார்.

அந்தக் காப்பித் தோட்டம் இன்று இல்லை. அவ்விடம் நைரோபியின் புறநகராகி, காரென் என்னும் பெயரால் வழங்குகிறது. கென்யா சுதந்தரம் அடைந்தபோது டென்மார்க் அரசாங்கம் பண்ணை வீட்டை வாங்கி அந்தத் தேசத்துக்கு அன்பளிப்பாகக் கொடுத்தது. 1986 முதல் அது பொருட்காட்சிசாலையாக இருக்கிறது. பழைய இயந்திரங்கள் சிலவற்றை அங்கே காணலாம். காலை 9 மணிக்கு முற்றத்தில் காத்திருந்தவர்களைக் காணமுடியாது.

நாம் கவனிக்க வேண்டுவன

இவ்வரலாற்றைச் சொன்னதன் கருத்து மூன்று வார்த்தைகளில் அடங்கும்.

முதலாவது, நிலத்துக்கேற்ற பயிர். மழையும் உயரமும் காற்றும் இசையாத இடத்தில் ஒரே பயிரில் முழு முதலையும் முடக்கியதனால், பண்ணை தன்னையும் காக்கவில்லை. தன்னை நம்பியவர்களையும் காக்கவில்லை. மண்ணைச் சோதித்து, பத்து வருஷ மழைக்கணக்கைப் பார்த்து, சிறிது நட்டுப் பலன் கண்டு, பின்னர் பெருக்குதல் வேண்டும். இதைச் செய்யாமல் தொடங்கும் தர்மம் கடன் வாங்கி இடும் விருந்தைப் போன்றது.

இரண்டாவது, ஒருவர் கைப்பணத்தில் மாத்திரம் நிற்கும் உபகாரம் அவர் போனதும் போய்விடும். பள்ளிக்கூடம், வைத்தியம் முதலியவற்றைத் தனவான்கள் தொடங்குவது நன்று. தொடங்கிய சில ஆண்டுகளுக்குள் அவற்றை ஊர்ப்பொதுவில் சேர்த்து, தனி நிதியும் பொறுப்பாளரும் ஏற்படுத்திவிடுவது அதனினும் நன்று.

மூன்றாவது, கிராம உத்தியோகஸ்தர்கள் கவனத்துக்குரியது. அம்மையார் 17 ஆண்டுகள் அன்போடு கொடுத்த மருந்தும் பொடியும் பாடமும், ஒரு விற்பனைப் பத்திரம் கையெழுத்தான அன்று குடிகளுக்கு ஒரு சாண் நிலத்தையும் காத்துக் கொடுக்கவில்லை. ஏனெனில் அவர்கள் அங்கே பிறந்தவர்கள் என்பது எந்தப் பதிவேட்டிலும் இல்லை. கடைசி மாதங்களில் அவர் கச்சேரிப் படிகளில் ஏறி வாங்கிக்கொடுத்த நிலமே அவர்களோடு நின்றது. தலைமுறையாக ஒரு நிலத்தில் உழைப்பவன் பெயர் கணக்கில் சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்ப்பது சாதாரண எழுத்து வேலையாகத் தோன்றலாம். எழுதுகிற கைக்கு அது ஒரு வரி; எழுதப்பட்டவனுக்கு அதுவே ஊர்.

நம்முள் தர்மவான்கள் பலர் உளர். அவர்கள் கொடுக்கும் கஞ்சியும் துணியும் வாழ்க. அவற்றோடு, தங்கள் பண்ணையின் வரவு செலவை இவ்வருஷ அறுவடைக்குமுன் ஒருமுறை எடுத்துப் பார்த்து, தங்களை அண்டியிருப்போரின் நிலப்பதிவையும் ஒருமுறை விசாரித்து அறியும்படி வேண்டிக்கொள்கிறேன். மண் பரிசோதனைக்கும் பயிர் யோசனைக்கும் அந்தந்த வட்டத்து விவசாய உத்தியோகஸ்தரை அணுகினால் வேண்டிய உதவி கிடைக்கும்.